எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்

இங்கிலாந்தில் ஒரு பழைய தொழிற்சாலை நகரம். அங்கே நான் ஒருநாளும் போனதில்லை. ஆனால் அந்த நகரத்தின் உதைபந்தாட்டக் கழகம் சனிக்கிழமை தோற்றால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை சோறு இறங்காது. இதை எங்கள் தமிழ் ஆட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். நோர்வேக்காரரிடம் சொன்னால் சிரிக்கமாட்டார்கள். அவர்களில் பலருக்கு இதே வருத்தம் இருக்கிறது.

எனக்கு இது தொற்றியது ஒரு குளிரங்கியால். நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே ஓர் அகதி முகாமில் விட்டிருந்தார்கள். சனங்கள் கொடுத்த பழைய உடுப்புகள் ஒரு பெரிய பெட்டிக்குள் கிடந்தன. மற்றவர்கள் எடுத்து முடியும்வரை நான் கூச்சத்தில் தள்ளி நின்றேன். கடைசியில் மிஞ்சியது நெஞ்சில் ஒரு கழகத்தின் சின்னம் பதித்த தடித்த குளிரங்கி. அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். காசு வாங்குகிற மனிதர் என் நெஞ்சைப் பார்த்துவிட்டுப் பெருவிரலை உயர்த்தினார். பஸ்ஸில் எத்தனையோ இருக்கைகள் வெறுமையாக இருக்க, ஒரு கிழவர் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். இந்த நாட்டில் அப்படி ஒருவரும் இருப்பதில்லை என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அவர் கதைத்ததில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. தலையாட்டிக்கொண்டே இருந்தேன். இறங்கும்போது என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

இது என்னுடையதில்லை, பெட்டிக்குள் கிடந்தது என்று சொல்ல அப்போது மொழி இல்லை. மொழி வந்தபோது சொல்ல வேண்டிய தேவை போய்விட்டது. எங்கள் பின்வரிசை ஆட்டக்காரனின் முழங்கால் இப்போது எப்படி என்று கவலைப்படுகிற ஆளாக நான் மாறியிருந்தேன்.

பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, கலியாணம் கட்டி, புருசெத்தில் வீடு எடுத்து, ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற இடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றைக்கும் அங்கேதான் வேலை. கட்டில் விரிப்பு, தலையணை உறை, சத்திரசிகிச்சை உடுப்பு எல்லாம் மூட்டை மூட்டையாக லொறியில் வரும். அந்த லொறியை ஓட்டியவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பெயர் வேண்டாம், லொறிக்காரர் என்றே எழுதுகிறேன். அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்.

தொற்று உள்ள துணிகள் நீலப் பைகளில் வரும். எங்கள் கழகத்தின் நிறம் சிவப்பு; நீலம், எங்களுக்கு ஜென்ம எதிரியான அயல் நகரத்துக் கழகத்தின் நிறம். லொறிக்காரர் நீலப் பைகளை மட்டும் காலால் தள்ளி இறக்குவார். "இதுகள் அவங்கடை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும்" என்பார். ஒருநாள் நான் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். என்ன சிரிப்பு என்று கேட்டார். நானும் உங்கள் கழகம்தான் என்றேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்கு முன் இரண்டு வருடமாக நாங்கள் ஒருவருக்கொருவர் காலை வணக்கம் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவர் சிறுவனாக இருந்தபோது நோர்வேயில் ஒரே ஒரு தொலைக்காட்சி அலைவரிசை. மாரியில் இந்த நாட்டு மைதானங்கள் எல்லாம் பனிக்குக் கீழே கிடக்கும். சனிக்கிழமை பின்னேரம் இங்கிலாந்தில் நடக்கும் ஆட்டம் ஒன்றைக் காட்டுவார்கள். தகப்பன்மார் முடிவுகளை ஊகித்துப் பந்தயம் கட்டிவிட்டுப் பெட்டிக்கு முன்னால் இருப்பார்கள். பிள்ளைகளும் இருப்பார்கள். அப்படித்தான் இவர்களுக்கு ஊர் தெரியாத ஊரில் ஒரு கழகமும், முகம் தெரியாத எதிரிகளும் கிடைத்தார்கள். நீல நகரத்துச் சனங்கள் உனக்கு என்ன செய்தவை என்று ஒருமுறை அவரைக் கேட்டேன்.

"ஒண்டும் செய்யேல்லை. அதுதான் வசதி" என்றார்.

எனக்கு அது விளங்கவில்லை. காரணத்தோடு வெறுக்கிற சனங்களுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். காரணமே இல்லாமல், ஒரு பொழுதுபோக்காக, வெறுத்துவிட்டுத் திங்கட்கிழமை சேர்ந்து கோப்பி குடிக்கலாம் என்பது எனக்குப் புதிது. ஒருவிதத்தில் அது பிடித்தும் இருந்தது.

அவர்தான் என்னை ரசிகர்கள் கூடி ஆட்டம் பார்க்கிற பப்புக்குக் கூட்டிப்போனார். நகரத்தின் நடுவில், கீழ்த்தளம் எங்கள் கழக ரசிகர்களுக்கு, மேல்தளம் நீலக்காரருக்கு. அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை, ஆனால் யாரும் மாறி ஏறமாட்டார்கள். படிக்கட்டில்தான் சண்டை. உங்கடை வெற்றிக் கோப்பை அலுமாரியைத் திறந்தால் தூசிக்குத் தும்மல் வருமாமே என்று அவர்கள் கேட்பார்கள். உங்கடை மைதானத்திலை நித்திரை கொள்ளத் தலையணையும் தருகினமாமே என்று நாங்கள் கேட்போம். இங்கிலாந்துக் கூட்டம் பாடுகிற அத்தனை பாட்டையும் மேசையில் தட்டித் தட்டி இவர்களும் பாடுவார்கள். நான் வாயை மட்டும் அசைப்பேன். "பாடுறியா, சூப்புக்கு ஊதுறியா?" என்று லொறிக்காரர் முழங்கையால் இடிப்பார்.

மனைவி இறந்து, வேலையிலிருந்தும் ஓய்வு பெற்ற பிறகு அவருக்குச் சனிக்கிழமைதான் கிழமை. மகள் தூர வடக்கே ட்ரொம்ஸோவில். அம்மருட்டில் பத்தாம் மாடியில் தனியே இருந்தார். பப்பில் முதல் சொல்லைச் சொல்லும்போது அவருக்குத் தொண்டை அடைத்திருக்கும். செருமிச் சரிசெய்துகொள்வார். கிழமை முழுக்க யாரோடும் கதைக்காத தொண்டை அது என்று எனக்குத் தெரியும். நான் அதைக் கவனிக்காததுபோல் இருப்பேன். அவர் குடியை விட்டவர், பப்பில் கோப்பிதான். ஆட்டம் முடிந்ததும் என்னைக் காரில் ஏற்றிப் புருசெத்தில் இறக்கிவிட்டு அம்மருட்டுக்குப் போவார்.

அந்தக் கார்ப் பயணங்களில் ஒருநாள் அவர் ஒரு கதை சொன்னார். இளம் வயதில் கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போய், முதல்தடவையாக எங்கள் மைதானத்தில் நின்றிருக்கிறார். அப்போது இருக்கைகள் இல்லை, சனம் படிகளில் நெரிந்துகொண்டு நிற்கும். எதிரணியில் ஒரு கறுப்பு ஆட்டக்காரன். அவன் பந்தைத் தொடும்போதெல்லாம் சுற்றி நின்றவர்கள் குரங்குபோலக் கத்தினார்களாம். ஒரு வாழைப்பழம் புல்லில் வந்து விழுந்ததாம். எறிந்த மனிதர் தன் குழந்தையைத் தோளில் வைத்திருந்தாராம். "என்ரை கையிலை சொசேஜ் இருந்தது. சாப்பிட ஏலாமல் போச்சு" என்றார். இந்தக் கதையை அவர் என்னிடம் வேறொரு தடவையும் சொல்லியிருக்கிறார். இரண்டு தடவையும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பின்னால் நடந்ததை எண்ணும்போதெல்லாம் அந்தச் சொசேஜும் கூடவே நினைவுக்கு வருகிறது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

போன மாரியில் ஒரு சனிக்கிழமை. நீலக்காரரோடு ஆட்டம். முடியப்போகிற நேரம், இரண்டு பக்கமும் சமம். எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அந்த வருடம் கழகம் புதிதாக வாங்கிய கறுப்பு இளைஞன் அடிக்கப்போனான். பப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பந்து கம்பத்துக்கு வெளியே போனது. மேல்தளம் அதிர்ந்தது.

லொறிக்காரர் எழும்பிக் கத்தினார். கறுப்பு மனிதரைக் குறிக்கிற பழைய சொல் ஒன்று. அதற்குப் பின்னால் ஒரு மிருகத்தின் பெயர். இரண்டையும் இங்கே எழுத விருப்பமில்லை. அவர் கையில் கோப்பிக் கோப்பை இருந்தது. பியர்க் கிண்ணமாக இருந்திருந்தால் பியரில் பழியைப் போட்டிருக்கலாம்.

அறை அப்படியே நின்றுவிட்டது. லொறிக்காரர் என் பக்கம் திரும்பினார். பிறகு முன்மேசைக்காரர் திரும்பினார்கள். பிறகு கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்து நானும் திரும்பிப் பார்த்தேன். சுவரில் பழைய அணிப் படம் ஒன்று தொங்கியது.

"மன்னிச்சுக்கொள். உன்னைச் சொல்லேல்லை" என்றார் லொறிக்காரர்.

பரவாயில்லை என்றேன். என்னைச் சொல்லவில்லை என்பது எனக்கு முதலே தெரியும். அப்படியென்றால் ஏன் என்னிடம் மன்னிப்பு?

எங்கள் அறையில் தூணுக்குப் பக்கத்தில் எப்போதும் நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கிற ஒரு பெண் இருந்தா. பஸ் ஓட்டுபவ. தாய்தகப்பன் காம்பியாவிலிருந்து வந்தவர்கள், இவ பிறந்தது இங்கே ஒஸ்லோவில், ஹொல்ம்லியாவில். எங்கள் அறையில் இருந்த ஒரே கறுப்பு மனுசி. அவவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தூண் மறைத்ததா, பார்க்கப் பயமா என்று தெரியாது. நானும் பார்க்கவில்லை. நடுவர் ஊதுவதற்குள் அவ கழகச் சால்வையைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டா. கதவு திறந்தபோது குளிர் வந்து என் காலில் பட்டதால்தான் எனக்கே தெரிந்தது.

வழக்கம்போல லொறிக்காரர் என்னைக் காரில் ஏற்றினார். குளிருதா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். இருந்தும் சூட்டைக் கூட்டிவிட்டார்.

ரசிகர் கூட்டத்தின் தலைவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். மிக மென்மையான மனிதர். இரண்டு நாள் கழித்து என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நடந்ததை நினைத்துத் தனக்கு நித்திரை இல்லை என்றார். லொறிக்காரரைப் பப்பிலிருந்து நிறுத்தவேண்டும் என்று சிலர் சொல்கிறார்களாம், வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்களாம். எல்லாரையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைக்கப்போகிறார்களாம். "நீதான் பாதிக்கப்பட்டவன். உனக்கு எது சரியெண்டு படுதோ அதைத்தான் செய்வம். உன்னை மீறி ஒண்டும் செய்யமாட்டம்" என்றார்.

என்னை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். எனக்கு ஒன்றும் தேவையில்லை என்று வாயில் வந்தது. அவர் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார். நீ நல்ல மனுசன் என்றார். தொலைபேசியை வைத்த பிறகுதான் விளங்கியது, லொறிக்காரருக்குச் சனிக்கிழமை இருக்குமா இல்லையா என்பது இப்போது என் நாக்கில் இருக்கிறது என்று.

மனைவியிடம் சொன்னேன். அவ மீன் வெட்டிக்கொண்டிருந்தா.

"பரவாயில்லை எண்டு சொல்லுங்கோவன். அந்த மனுசன் எத்தினை வருசமா உங்களைக் கொண்டுவந்து விடுது."

"அவர் சொன்னது பிழைதானே."

"பிழைதான். நாங்கள் சொல்லாததோ? போன கிழமை பிறந்தநாள் கொண்டாட்டத்திலை என்ன கதைச்சவை எண்டு கேட்டனீங்கள்தானே."

கேட்டேன்தான். எங்கள் ஆட்களின் மண்டபம், றோல்ஸும் கேக்கும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். தன் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பத்தைப் பற்றி ஒருவர் கதைத்தார். காப்பிலியள் என்றார். எங்கள் ஊரில் கறுப்பு மக்களுக்குச் சொல்கிற சொல். மேசை முழுக்கச் சிரித்தது. அங்கே யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டம் வைக்கவில்லை. நான் றோல்ஸைச் சாப்பிட்டு முடித்தேன். தோற்ற ஆட்டத்துக்குச் சோறு இறங்காத எனக்கு அது எப்படி இறங்கியது?

அந்தக் கிழமை முழுக்கத் துணிகளை இயந்திரத்துக்குள் போட்டபடி எனக்கு நானே கேள்வி கேட்டேன். எனக்கு நொந்ததா? நொந்திருக்கவேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தேடிப் பார்த்தேன். பல்வலி என்றால் எந்தப் பல் என்று நாக்காலே தட்டிக் கண்டுபிடிக்கலாம். இது அப்படி அகப்படவில்லை. நான் கறுப்பு மனிதன் இல்லை. வெள்ளை மனிதனும் இல்லை. இத்தனை வருடமும் அந்தப் பப்பில் நான் சிவப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் ஒரு வியாழக்கிழமை பின்னேரம். பப்பை மற்றவர்களுக்குத் திறக்கும் முன்னர் எங்களுக்காகத் திறந்துவிட்டிருந்தார்கள். நோர்வேயில் கூட்டம் என்றால் வாபிள் இல்லாமல் நடக்காது. ஒருவர் இரும்புத் தட்டில் மாவை ஊற்றிச் சுட்டுக்கொண்டிருந்தார், பக்கத்தில் மண்ணிறச் சீஸ். லொறிக்காரர் கதவடிக் கதிரையில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருக்கலாமா, அது பக்கம் சாய்வதுபோல் ஆகுமா என்று தெரியாமல் நான் நடுவில் ஒரு கதிரையில் இருந்தேன்.

முறைப்படி ஒவ்வொருவராகத் தங்கள் மனதில் உள்ளதைச் சொன்னார்கள். எல்லாரும் என்னைப் பார்த்துச் சொன்னார்கள். ஒருவர் வெட்கமாக இருக்கிறது என்றார். ஒருவர் தன் மருமகள் பிலிப்பைன்ஸ்காரி என்றார். ஒருவர் கண்ணைத் துடைத்தார். நான் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினேன். செத்தவீட்டில் கைகொடுக்க வருகிறவர்களுக்குத் தலையாட்டுவதுபோல் இருந்தது. யார் செத்தது என்றுதான் தெரியவில்லை.

லொறிக்காரரின் முறை வந்தது. செருமினார்.

"சொன்னனான். இல்லையெண்டு சொல்லேல்லை. நான் சின்னனாக இருக்கேக்கை பள்ளிக்கூடப் புத்தகத்திலை இருந்த சொல் அது."

"மிருகமும் புத்தகத்திலை இருந்ததோ?" தூணடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. பஸ் ஓட்டுகிற பெண். அவ வந்ததை நான் காணவில்லை. வேலை உடுப்போடு நேரே வந்திருந்தா.

லொறிக்காரர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இல்லை. அது என்ரை" என்றார்.

தலைவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். நாங்கள் யோசித்துப் பார்த்தோம், அடிபட்டவனிடமே முடிவை விடுவதுதான் நேர்மை என்று தோன்றுகிறது, நீ சொல், உனக்கு நொந்ததா, இவர் எங்களோடு தொடர்ந்து இருக்கலாமா என்று கேட்டார்.

என் வாயில் பரவாயில்லை என்ற சொல் தயாராக இருந்தது. காலை மிதித்தவருக்கும் சொல்வோம், தேத்தண்ணியைச் சட்டையில் ஊற்றியவருக்கும் சொல்வோம், பிந்தி வந்தவருக்கும் சொல்வோம். அது முடிவு சொல்கிற சொல் இல்லை, கதையை மாற்றுகிற சொல். ஆனால் இவர்கள் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது கண்ணில் பட்டது. நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை.

"அவவைக் கேளுங்கோ" என்றேன்.

எல்லாத் தலைகளும் என்னை விட்டு அவ பக்கம் திரும்பின. அப்போதுதான் அதை வெளியிலிருந்து பார்த்தேன். அத்தனை முகங்களும் அன்பாகத்தான் இருந்தன. எவ்வளவு அன்பாக இருந்தனவோ அவ்வளவு பாரமாகவும் இருந்தன. அவ கழுத்து விறைத்ததைக் கண்டேன்.

"என்னைக் கேக்காதேங்கோ. அவனையும் கேக்காதேங்கோ" என்றா. "பந்தை அடிச்சவன் இஞ்சை இல்லை. கத்தினவர் இருக்கிறார். உங்கள் எல்லாருக்கும் காது இருக்குத்தானே. கேட்டனீங்கள்தானே. முடிவை நீங்கள் எடுங்கோ."

வாபிள் கருகுகிற மணம் வந்தது. ஒருவர் ஓடிப்போய் மூடியைத் திறந்தார். தலைவர் முதலில் கோப்பி குடிப்போமா என்று கேட்டார். யாரும் எழும்பவில்லை. கடைசியில் கை உயர்த்தச் சொன்னார். இந்தப் பருவம் முடியும்வரை லொறிக்காரர் பப்புக்கு வரக்கூடாது என்பதற்கு யார் சம்மதம்?

முன்மேசையில் கைகள் எழுந்தன. பிறகு பக்கத்தில். நான் மற்றக் கைகளைப் பார்த்தேன். பிறகு என் கையும் எழுந்தது. அதை நான்தான் தூக்கினேன், வேறு யாரும் தூக்கவில்லை. தூணடியைப் பார்த்தேன். அவ கட்டிய கையை அவிழ்க்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவ சொல்லவும் இல்லை. ஆட்டம் தொடங்கும்போது பாடுகிற பாட்டை இன்றைக்குப் பாடவேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். பாட யாரும் நினைத்திருக்கவில்லை.

சுரங்க ரயிலில் போகலாம் என்று நினைத்து வெளியே வந்தேன். லொறிக்காரர் காரை வாசலில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கதவைத் திறந்துவிட்டார். ஏறாமல் விடுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஏறினேன்.

நகரத்து விளக்குகளைத் தாண்டினோம். பிறகு, "பிந்தித்தான் தூக்கினாய்" என்றார்.

"ஓம்."

"மற்றவை தூக்கினமோ எண்டு பாத்திட்டுத் தூக்கினாய். நல்ல நோர்வேக்காரன்தான் நீ."

சிரிக்கவேண்டுமா என்று அவரைப் பார்த்தேன். அவர் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ஒருத்தரும் இல்லை. உண்மையைச் சொல்லு. நொந்ததோ?"

"நீ கத்தேக்கை இல்லை" என்றேன். நோர்வேயில் வயதில் மூத்தவரையும் நீ என்றுதான் சொல்லவேண்டும். அன்றைக்கு அந்தச் சொல் என் வாயில் கல்லுப்போல இருந்தது.

"பிறகு எப்ப?"

"எல்லாரும் என்னைப் பாக்கேக்கை."

அவர் தலையாட்டினார். அவங்களுக்கு விளங்காது, முட்டாள்கள், நல்ல மனம்தான் ஆனால் முட்டாள்கள் என்று அவர்களைத் திட்டினார். நான் இடையில் மறித்தேன். வாழ்க்கையில் நான் ஒருவரை மறித்துக் கதைத்தது குறைவு.

"முதல் பாத்தது நீ."

புருசெத்துக்குத் திரும்பவேண்டிய இடம் வந்தது. அவர் திரும்பவில்லை. இந்த நகரத்தின் வீதியெல்லாம் முப்பது வருடமாக லொறி ஓட்டிய மனிதர். அடுத்த சுற்றுவட்டம்வரை போய், வளைத்து, வந்த வழியே திரும்பி வந்து என் வீட்டு வாசலில் நிறுத்தினார். இறங்கும்போது வழக்கம்போல, "சரி, சனிக்கிழமை" என்றார். சொன்ன பிறகு அவருக்கே நினைவு வந்தது. கையை விசிறிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை எங்கே போவதென்று எனக்குத் தெரியவில்லை. அம்மருட்டுக்குப் போய் அவரோடு பார்ப்பதா? போனால் கை உயர்த்தியதற்கு என்ன பொருள்? போகாவிட்டால் இத்தனை வருடத்துக்கு என்ன பொருள்? மனைவி வெளிக்கிடச் சொல்லித் துரத்தினா. ஒரு முடிவும் எடுக்காமல் ரயில் ஏறி, பழக்கத்தில் நகரத்தில் இறங்கி, பப்புக்குப் போனேன். லொறிக்காரரின் கதிரையில் யாரோ குளிரங்கிகளைக் குவித்து வைத்திருந்தார்கள். தலைவர் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். தேவைக்கு மேல் கொஞ்சம் அதிகமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாதியில் தொலைபேசி அடித்தது. லொறிக்காரர். தொண்டை அடைத்த குரல்.

"கதைக்க இல்லை. சத்தத்தைக் கேக்கவேணும் போல இருக்கு. போனை மேசையிலை வையன்."

வைத்தேன். அதில் பிழை இருக்கிறதா என்று தெரியவில்லை. யாரும் கவனிக்கவில்லை. பாட்டு நடந்துகொண்டிருந்தது, நானும் வாயை அசைத்தேன், போனுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவும் பாடினேன். அப்போது எங்கள் அந்த இளைஞனுக்குப் பந்து கிடைத்தது. முன்னால் ஒருவருமில்லை. பந்துக்காப்பாளரும் விழுந்துவிட்டார். வெறும் கோல். அவன் மேலே அடித்துவிட்டான்.

அறை முனகியது. நான் போனை எடுத்துக் காதில் வைத்தேன். அவர் வீட்டில் படம் எங்களைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் வரும். அங்கே பந்து இன்னும் அவனுடைய காலுக்கு வரவில்லை. அவர் காணப்போவதை நான் கண்டுவிட்டேன். அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று மட்டும் தெரியாது. அறிவிப்பாளரின் குரல் ஏறுவது கேட்டது. கதிரை கிரீச்சிட்டது. அவர் எழும்புகிறார்.

ஒன்றும் வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது.

நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்து அடக்கினாரா, எங்கள் முனகலைப் போனில் கேட்டு முதலே ஆயத்தமாகிவிட்டாரா, உண்மையிலேயே சொல்ல ஒன்றும் இருக்கவில்லையா, எனக்குத் தெரியாது. நான் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்ற விதம், அன்றைக்கு எல்லாரும் என்னைப் பார்த்த விதம்தான் என்று பட்டது.

"இருக்கிறியா?" என்றார்.

"இருக்கிறன்."

தூணடியில் நின்ற பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா. கிட்ட வந்து, "அவரோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். அவ திரையைப் பார்த்தா, போனைப் பார்த்தா. "காதுக்கும் சேர்த்துத்தான் தடை போட்டதெண்டு நினைச்சன்" என்றா. பகிடியா கோபமா என்று முகத்தில் தெரியவில்லை. திரும்பித் தன் இடத்துக்குப் போய்விட்டா.

யார் கதைத்தது என்று லொறிக்காரர் கேட்டார். சொன்னேன். என்ன சொன்னா என்று கேட்டார். அதையும் அப்படியே சொன்னேன்.

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"சரியாத்தான் சொல்லுறா" என்றார். பிறகு அவராகவே போனை வைத்தார். ஆட்டம் முடிய இன்னும் நேரம் இருந்தது.